மான் வேட்டைக் குண்டின் எடை: காலனியகால இந்திய வேட்டை நூல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

காலனியகால இந்தியாவின் காட்டு விலங்கு வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு ஆங்கிலேயர் எழுதிய வேட்டை நூல்கள் தவிர்க்கவியலாத சான்றுகளாகும். படைத்துறை அலுவலரும் வனத்துறையினரும் தோட்ட உரிமையாளரும் எழுதிய இந்நூல்களில், எந்தக் காட்டில் எந்த ஆண்டில் எத்தனை விலங்குகள் வீழ்த்தப்பட்டன என்னும் பட்டியல்கள் இடம்பெற்றுள்ளன. கொம்பின் நீளம் அங்குலக் கணக்கில் குறிக்கப்பட்டுள்ளது. ஆய்வாளரின் கவனம் இயல்பாகவே இப்பட்டியல்களின்மீது செல்கிறது. அதே நூல்களில் பல பக்கங்களை நிரப்பி நிற்கும் மற்றொரு செய்தி, கருவி பற்றிய வெறும் நுணுக்கம் எனக் கருதப்பட்டு விடுபட்டுப் போகிறது. துப்பாக்கிக் குண்டு எவ்வளவு எடை இருத்தல் வேண்டும் என்னும் வாதமே அது.

இவ்வாதம் ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. இது ஏன் எழுந்தது, எவ்வாறு திசைமாறியது, யார் யார் இதில் முடிவு செய்தனர் என்பனவற்றை மான் வேட்டையை மையமாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். வேட்டைப் பட்டியல்கள் கைக்கு வந்த விலங்குகளை மட்டுமே கூறுகின்றன. குண்டின் எடை பற்றிய வாதமோ கைக்கு வராமல் தப்பியோடிக் காட்டில் மடிந்த விலங்குகளிலிருந்து பிறந்தது. ஆதலின் இவ்வாதத்தைப் பட்டியல்களோடு சேர்த்துப் படித்தல் வேண்டும் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

எடையும் அளவைப் பெயர்களும்

இந்நூல்களைப் படிப்போர் முதலில் எதிர்கொள்வது அளவைக் குழப்பம். குண்டின் எடை ‘கிரெயின்’ என்னும் அலகால் குறிக்கப்பெறும். தானியமணி என்பதே இச்சொல்லின் பொருள். நம்மிடையே நெல்லெடையும் குன்றிமணியும் நிறுத்தலளவையாக வழங்கியது போன்றதே இது. 7000 கிரெயின் ஒரு பவுண்டு. 1833இல் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு ஒரு தோலா எடையை 180 கிரெயின் என வரையறுத்தது. வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. ஒரு தோலாவுக்கு 96 ரத்தி என்பது வடநாட்டு வாய்பாடு. ரத்தி என்பது குன்றிமணியே. பிற்காலத்தில் உலகெங்கும் மான் வேட்டைக்குப் பெருவழக்காக அமைந்த 180 கிரெயின் குண்டு, இந்தியக் கணக்கில் சரியாக ஒரு தோலா அல்லது ஒரு வெள்ளி ரூபாயின் எடையாகும். இது தற்செயலான ஒப்புமையே எனினும், அக்குண்டின் அளவை மனத்தில் வாங்கிக்கொள்ள உதவும்.

இரண்டாவது குழப்பம் குழலின் அளவு பற்றியது. பழைய துப்பாக்கிகளின் குழல் அளவு ‘போர்’ என்னும் எண்ணால் குறிக்கப்பெற்றது. ஒரு பவுண்டு ஈயத்தைப் 12 சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று புகத்தக்க குழல் 12 போர் எனப்படும். எனவே 12 போர் உருண்டையின் எடை ஏறத்தாழ 583 கிரெயின். 16 போர் உருண்டை 437. 20 போர் உருண்டை 350. எண் பெருகப் பெருகக் குண்டு சிறுக்கும். இம்முறையில் குழலின் பெயரே குண்டின் எடையைக் கூறிவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த துப்பாக்கிகளோ குழலின் விட்டத்தை அங்குலத்தின் பின்னமாகக் குறித்தன. .450, .500, .577 என்பன அவ்வகையின. இங்கு எண் பெருகினால் குழலும் பெருகும். ஆயின் எடையை இப்பெயர் கூறாது. ஒரே குழலுக்குப் பல எடைகளில் குண்டுகள் உண்டு. எடை என்பது ‘தேர்ந்தெடுக்க’ வேண்டிய ஒன்றாக மாறியது இந்தக் கட்டத்தில்தான். இரு முறைகளையும் வேறுபடுத்தி அறியாவிடின் வேட்டை நூல்களின் மொழிபெயர்ப்பிலும் விளக்கத்திலும் பிழை நேரும்.

தமிழ்ச் சொல்வழக்கும் இங்குக் கருதத்தக்கது. துப்பாக்கி என்பது துருக்கி மொழிவழி வந்த சொல். தோட்டா என்பது இந்துஸ்தானிவழி வந்தது. எறியப்படும் ஈயப் பகுதி குண்டு; அதனையும் மருந்தையும் உள்ளடக்கிய முழுமை தோட்டா; பறவைகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் பயன்படும் சிறுமணிகள் ரவை. எடை பற்றிய வாதம் குண்டைப் பற்றியதே அன்றித் தோட்டாவைப் பற்றியதன்று.

கோளக் குண்டும் பார்சைத்தும்

ஜேம்ஸ் பார்சைத் வங்காளப் படைப்பிரிவைச் சேர்ந்த அலுவலர். மத்திய மாகாணங்களில் பணியாற்றியவர். சாத்பூராக் காடுகளையும் அங்கு வாழ்ந்த கோண்டு, கோர்க்கு மக்களையும் பற்றி அவர் எழுதிய நூல் 1871இல் வெளிவந்தது. அதற்கு முன்பே, 1863இல், வேட்டைத் துப்பாக்கியும் அதன் எறிபொருள்களும் பற்றித் தனிநூல் ஒன்றை அவர் வெளியிட்டார். இந்தியக் காட்டு அனுபவத்திலிருந்து பிறந்த கருவிநூல் என்ற வகையில் அது குறிப்பிடத்தக்கது.

அந்நூல் எழுந்த சூழலை அறிதல் வேண்டும். படைத்துறையில் கோள வடிவக் குண்டு வழக்கொழிந்து, நீண்ட கூம்பு வடிவக் குண்டு வந்துவிட்டது. 1857இன் நிகழ்ச்சிகளால் இந்திய வரலாற்றில் இடம்பெற்ற என்பீல்டு துப்பாக்கியின் குண்டு 530 கிரெயின் எடையுள்ள நீள்குண்டாகும். தொலைவிலுள்ள படையணியைச் சுட அது ஏற்றது. ஆயின் எடை மிகுந்து மருந்து குறைந்திருந்தமையால் அது மெதுவாகச் சென்றது; அதன் பாதை வில்போல் வளைந்தது. தொலைவைக் கணிப்பதில் சிறிது தவறினாலும் குண்டு மானின் முதுகுக்கு மேலேயோ வயிற்றுக்குக் கீழேயோ சென்றுவிடும். அல்லது, அதனினும் கொடிதாக, காலிலோ குடலிலோ படும்.

காட்டில் மான் தென்படும் தொலைவு பெரும்பாலும் 100 கஜத்துக்கு உட்பட்டது. கணிக்க நேரமும் இல்லை. ஆதலின் பெரிய துளையும் மிகுந்த மருந்தும் கொண்டு கோளக் குண்டையே விரைந்து செலுத்த வேண்டும் என்று பார்சைத் வாதிட்டார். குழலினுள் உள்ள மரைப் பள்ளங்கள் ஆழம் குறைந்தும் மெதுவாகத் திரும்பியும் அமைந்தால் உருண்டை மிகு மருந்தைத் தாங்கிச் செல்லும் என்பது அவர் காட்டிய வழி. படைத்துறையின் தேவையும் வேட்டையின் தேவையும் வேறு என்பதை அவர் தெளிவாகப் பிரித்தறிந்தார். அவரது கணக்கில் எடையைவிட முதன்மையானது, குண்டு படவேண்டிய இடத்தில் படுவது.

கோளக் குண்டுக்கு ஓர் எல்லை உண்டு. உருண்டையின் எடையைக் கூட்ட வேண்டுமாயின் விட்டத்தையும் கூட்டியே ஆகவேண்டும்; விட்டம் இருமடங்கானால் எடை எட்டு மடங்காகும். துப்பாக்கியின் எடையும், அது தோளில் உதைக்கும் வன்மையும் அதற்கேற்பப் பெருகும். மனிதத் தோள் தாங்கும் அளவே கோளக் குண்டின் எல்லையாயிற்று.

எக்ஸ்பிரஸ் துப்பாக்கியும் பேக்கரின் மறுப்பும்

அடுத்த கட்டம் இங்கிலாந்துத் துப்பாக்கி வினைஞர்களிடமிருந்து வந்தது. நீள்குண்டை ஏற்றுக்கொண்டு, அதன் முனையைக் குடைந்து எடையைக் குறைத்து, மருந்தை மிகுதியாக்கினர். விரைவுத் தொடர்வண்டியின் பெயரால் இது ‘எக்ஸ்பிரஸ்’ எனப்பட்டது. .450 எக்ஸ்பிரஸ் துப்பாக்கிக்கு 270 முதல் 365 கிரெயின் வரை எடையுள்ள குண்டுகள் வழங்கின. குண்டின் பாதை ஏறக்குறைய நேர்க்கோடாயிற்று. குடைந்த முனை உடலினுள் மலர்ந்து பெருங்காயம் உண்டாக்கியது.

இந்தியச் சூழலில் இதன் பயன் இருவகையாக அமைந்தது. தமிழில் ‘மான்’ என்னும் ஒரே சொல்லுள் அடங்கும் விலங்குகள் அளவில் பெரிதும் வேறுபடுவன. விலங்கியலார் மானினத்திலிருந்து வேறாகப் பிரிக்கும் இரலை, 40 கிலோ அளவினது, வெட்டவெளியில் மேய்வது, 150 கஜத்துக்கு அப்பாலிருந்து சுடவேண்டியது. புள்ளிமான் கலை 70 முதல் 90 கிலோ வரை இருக்கும். மிளா எனவும் கடமான் எனவும் வழங்கும் விலங்கின் ஆண், 200 கிலோவுக்கும் மேற்பட்டது, அடர்காட்டில் வாழ்வது. இரலைக்கும் புள்ளிமானுக்கும் இலேசான எக்ஸ்பிரஸ் குண்டு சிறப்பாகப் பயன்பட்டது. மிளாவின் தோள் எலும்பில் பட்ட அதே குண்டு, உட்செல்லுமுன் சிதறி மேற்சதையில் அகன்ற புண்ணை மட்டும் உண்டாக்கியது. விலங்கு ஓடிவிடும், நாட்கள் கழித்து எங்கேனும் மடியும்.

தடம் பார்ப்போரின் நிலையிலிருந்தும் இதனை நோக்க வேண்டும். நுரையீரலில் குண்டு பட்ட மான்கூட நின்ற இடத்திலேயே வீழ்வதில்லை; நூறு கஜமோ அதற்கு மேலோ ஓடும். குண்டு ஊடுருவி மறுபுறம் வெளியேறினால் இருபுறமும் குருதி சொரியும். தடம் தெளிவாக இருக்கும். குண்டு உள்ளேயே சிதறினால் வெளியேறும் துளை இல்லை. குருதித் தடம் விரைவில் அற்றுப்போகும். புதரும் புல்லும் மண்டிய காட்டில் அத்தகைய விலங்கைத் தேடும் பணி, துப்பாக்கி ஏந்தியவருக்கு உரியதன்று. உடன் வந்த பழங்குடித் தடம் பார்ப்போர்க்கு உரியது. எடை குறைந்த குண்டின் விலையை முதலில் செலுத்தியது விலங்கு. அடுத்துச் செலுத்தியவர் அவர்கள்.

சாமுவேல் பேக்கர் இதனைக் கடுமையாக எதிர்த்தார். இலங்கையின் நுவரெலியாவில் தங்கி மிளா வேட்டையாடியவர் அவர். ஆங்கிலேயர் அங்கு மிளாவை ‘எல்க்’ என வழங்கினர். 1853இல் இலங்கை வேட்டை பற்றி நூல் எழுதிய அவர், 1890இல் வெளியிட்ட பிற்கால நூலில் குடைந்த முனைக் குண்டை மறுத்து, மென்மையான தூய ஈயத்தாலான திண்குண்டையே பரிந்துரைத்தார். .577 துப்பாக்கிக்கு அவர் விரும்பிய குண்டின் எடை 648 கிரெயின். மென்மையான ஈயம் உடலினுள் காளான்போல் விரியும், ஆயின் சிதறாது, தன் எடை முழுவதையும் காத்துக்கொண்டு ஆழச் செல்லும். குண்டு எவ்வளவு எடையுடன் புறப்பட்டது என்பதைவிட, விலங்கினுள் எவ்வளவு எடையுடன் எஞ்சி நின்றது என்பதே முதன்மை என்னும் உண்மை இவ்வாதத்தில் வெளிப்படுகிறது. இன்றைய குண்டுத் தயாரிப்பிலும் இந்த எஞ்சும் எடை ஓர் அளவுகோலாக உள்ளது.

சிறுகுழலும் டம்டமும்

1888இல் பிரித்தானியப் படை .303 அங்குலக் குழலுக்கு மாறியது. தொடர்ந்து புகையற்ற மருந்தும் வந்தது. குண்டின் எடை 215 கிரெயினாகக் குறைந்தது. பழைய வேட்டைக்காரரின் கண்ணுக்கு இது விளையாட்டுப் பொருளாகத் தோன்றியிருத்தல் இயல்பே. எனினும் கணக்கு வேறுவகையாக அமைந்தது. எடையைக் குண்டு விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், ஓரலகுப் பரப்பின்மீது குண்டு செலுத்தும் சுமை கிடைக்கும். 583 கிரெயின் எடையுள்ள 12 போர் உருண்டைக்கு இம்மதிப்பு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 0.157 பவுண்டு, 215 கிரெயின் எடையுள்ள.303 குண்டுக்கு 0.318. எடையில் பாதிக்கும் குறைவான நீள்குண்டு, பரப்பளவு நோக்கில் இருமடங்கு சுமையுடையது. ஆதலின் அது ஆழமாக ஊடுருவியது.

ஊடுருவியது என்பதே புதிய சிக்கலாயிற்று. மிகு விரைவைத் தாங்குவதற்காக ஈயத்தின்மீது கடினமான உலோக உறை இடப்பட்டிருந்தது. உறையிட்ட குண்டு விரியாமல், ஊசிபோல் துளைத்து வெளியேறியது. 1895ஆம் ஆண்டின் சித்ரால் படையெடுப்பில் இக்குண்டு எதிரியை நிறுத்தவில்லை என்னும் முறையீடு எழுந்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே, உறையின் முனையில் ஈயம் வெளித்தெரியுமாறு ஒரு குண்டை உருவாக்கினார். ஓர் இந்திய ஊரின் பெயர் உலக மொழிகளில் கொடுமையின் பெயராக நிலைத்தது இவ்வாறே. 1899இல் ஹேகில் நிறைவேறிய பிரகடனம், மனித உடலில் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

வேட்டை நெறி இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. மான் வேட்டைக்கு விரியும் முனைக்குண்டே ஏற்றது. உறை முழுதும் மூடிய குண்டு ஆகாது என்பது பொதுக் கருத்தாயிற்று. மனிதனிடத்தில் கொடுமை எனப்பட்டதே மானிடத்தில் இரக்கம் எனப்பட்டது. இதில் முரண் இருப்பதுபோல் தோன்றினும் அடிப்படை தெளிவானது. போர்வீரன் காயமுற்றுப் போரிலிருந்து நீங்கினால் போதும். அவன் பிழைப்பதற்கு மருத்துவமும் உண்டு. காயமுற்ற மானுக்கு மருத்துவம் இல்லை. அதனிடத்தில் விரைந்த சாவு ஒன்றே துன்பக் குறைப்பு. விரியும் குண்டு வந்தபின் எடை மேலும் குறைய இடம் ஏற்பட்டது. 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியமைக்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட .275 ரிக்பி துப்பாக்கி, தமிழ் வாசகர் பலரும் அறிந்தது. அவ்வகைத் துப்பாக்கிக்கு வழங்கிய மான் வேட்டைக் குண்டின் எடை 140 கிரெயின். அதாவது ஏறத்தாழ 75 குன்றிமணி. பார்சைத்தின் காலத்து 12 போர் உருண்டையின் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு.

அரசின் அச்சமும் குண்டின் எடையும்

குண்டின் எடையை வேட்டைக்காரரும் வினைஞரும் மட்டும் முடிவு செய்யவில்லை. 1878ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதை உரிமத்துக்கு உட்படுத்தியது; நடைமுறையில் ஐரோப்பியர் பெரும்பாலும் விலக்குப் பெற்றனர். எந்தக் குண்டு நல்லது என்று எழுதியோர் வரிசை ஏன் பெரிதும் ஐரோப்பியர் வரிசையாக அமைந்தது என்பதற்கு இச்சட்டமும் ஒரு காரணம்.

1907ஆம் ஆண்டளவில் .450 குழல் துப்பாக்கிகளை இந்தியாவுக்குக் கொண்டுவருவது தடை செய்யப்பட்டது. படைத்துறையின் பழைய துப்பாக்கிகள் அக்குழல் அளவின. அவற்றுக்குரிய குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்ச் சேரும் என்னும் அச்சமே இதற்குக் காரணம். இங்கிலாந்து வினைஞர்கள் உடனே .465, .470, .475 எனச் சற்றே வேறுபட்ட குழல்களை உருவாக்கினர். 480 கிரெயின் குண்டின் இடத்தை .470இன் 500 கிரெயின் குண்டு பிடித்தது. இம்மாற்றத்துக்கும் விலங்கின் உடலுக்கும் எத்தொடர்பும் இல்லை.

இதன் தொடர்ச்சியை விடுதலைக்குப் பின்னும் காணலாம். படைத்துறைக் குழலான .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகையில் அடங்கியது. உரிமம் பெற்ற இந்தியர் கையில் பெருவழக்காக இருந்தது அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளின் .315 துப்பாக்கி, அதன் குண்டு 244 கிரெயின். இந்திய வேட்டைக்காரர் ஒருவர் 244 கிரெயின் குண்டால் புள்ளிமானைச் சுட்டார் எனில், அந்த எடையைத் தேர்ந்தவர் அவரல்லர், படைக்கலச் சட்டம்.

சட்டமும் எடையும்

1877இல் தொடங்கிய நீலகிரி வேட்டை விலங்குச் சங்கமும், அதனையடுத்து வந்த 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் தென்னிந்தியக் காட்டு விலங்குச் சட்ட வரலாற்றின் தொடக்கங்களுள் அடங்கும். வேட்டை கூடாத பருவத்தையும் உரிமத்தையும் இவை முறைப்படுத்தின. எத்தனை, எப்பொழுது என்பன சட்டத்தின் கேள்விகளாயின; எவ்வாறு என்பது வேட்டைக்காரரின் நயத்தக்க நடத்தைக்கு விடப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் முதல் வடிவில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் தந்தபோது, பெருவிலங்குகளை ரைபிளால் சுடவேண்டும் என்னும் நிபந்தனையை விதித்தது. ஒற்றைக் குண்டிட்ட வேட்டைத் துப்பாக்கிக்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. ரவையால் மானைக் காயப்படுத்தும் வழக்கத்தைத் தடுப்பது இதன் விளைவு. 1991ஆம் ஆண்டின் திருத்தம் வேட்டை உரிமங்களையே நீக்கியது. அத்துடன் இந்தியாவில் எடைத்தேர்வு என்னும் கேள்வியும் சட்டவழியில் முடிவுற்றது.

நீலகிரியின் ஆங்கிலேயர் மிளா வேட்டையைத் தம் நாட்டு ஸ்காத்லாந்து மலைமான் வேட்டையின் சாயலிலேயே கண்டனர். அந்த ஸ்காத்லாந்தில் பின்னர் எடையே சட்டமாயிற்று. 1985ஆம் ஆண்டின் ஆணை, மானைச் சுடும் குண்டு 100 கிரெயினுக்குக் குறையாமலும், குழல்வாய் விரைவு நொடிக்கு 2450 அடிக்குக் குறையாமலும், ஆற்றல் 1750 அடி-பவுண்டுக்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்றது. குண்டு விரியும் வகையினதாக இருத்தலும் வேண்டும். ரோ என்னும் சிறுமானுக்கு 50 கிரெயின் போதும். 2023இல் 100 என்பது 80 ஆகக் குறைக்கப்பட்டது. ஈயம் நஞ்சு என்பதால் செம்புக் குண்டுகள் வழக்கத்துக்கு வந்தன. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே அளவுள்ள குண்டு எடை குறைந்ததாக அமைகிறது. வேட்டைக்காரரின் மனச்சான்றாக இருந்த ஒன்று அங்கே எண்ணாக எழுதப்பட்டது. இங்கே வேட்டையோடு மறைந்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, 583 கிரெயினிலிருந்து 140 கிரெயின் வரை எடை குறைந்து வந்த வரலாறு நேரான முன்னேற்றமன்று. ஒவ்வொரு கட்டத்திலும் குண்டு தவறிச் செல்லுதல், சிதறுதல், விரியாது துளைத்தல் என ஒவ்வொரு வகைத் தோல்வி அடுத்த மாற்றத்தைத் தூண்டியது. இரண்டாவது, அரசின் அச்சமும் சட்டமும் விலங்கின் உடலமைப்புக்கு இணையாக எடையை முடிவு செய்தன. மூன்றாவது, இத்தோல்விகள் ஒவ்வொன்றும் உயிருள்ள விலங்கின்மீது நிகழ்ந்தவை. சிதறும் குண்டைப் பற்றி ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார் எனில், அவரோ அவருடைய நண்பர்களோ அக்குண்டால் காயமுற்றுத் தப்பிய விலங்குகளைப் பலமுறை கண்டிருத்தல் வேண்டும். அவ்விலங்குகள் எப்பட்டியலிலும் இல்லை.

ஆதலின் வேட்டை நூலொன்றிலிருந்து எண்ணிக்கையை எடுத்தாளும் ஆய்வாளர், அவ்வேட்டைக்காரர் எந்தக் குழலை, எந்த எடைக் குண்டுடன், எந்த விலங்கின்மீது பயன்படுத்தினார் என்பதையும் உடன் குறித்தல் நலம். பட்டியலிலுள்ள ஒவ்வொரு மானுக்கும் பின்னால் பட்டியலில் இல்லாத மான்கள் எத்தனை என்பதை அக்குறிப்பு எண்ணாகத் தந்துவிடாது. ஆயினும் அவை இருந்தன என்பதை அது மறக்கவிடாது.